தமனியா, சிரையா, நரம்பா? டிசெக்‌ஷன் மேசையில் பிரித்தறிவது எப்படி?

சென்னையில் முதலாண்டு மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: “பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். பாடநூல் படங்களில் தமனி சிவப்பாகவும் சிரை நீலமாகவும் நரம்பு மஞ்சளாகவும் இருக்கின்றன. இறந்தவர் உடலை அறுத்துப் பயிலும் டிசெக்‌ஷன் மேசையில் எல்லாமே ஒரே பழுப்பாகத் தெரிகின்றன. அண்மையில் நடந்த ஸ்பாட்டர் தேர்வில் (குறியிட்ட அமைப்பைப் பார்த்துப் பெயர் எழுதும் தேர்வு), மேற்கையின் நடுப்பகுதியில் குறியிட்டிருந்த பிராக்கியல் தமனியை மீடியன் நரம்பு என்று எழுதிவிட்டேன். இவற்றைப் பிழையின்றி அடையாளம் காண வழி உண்டா?”

வழி உண்டு. அதற்கு முன் தமிழ் பேசும் மாணவர்கள் அனைவருக்கும் உள்ள ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்லப்படும் நரம்பு உண்மையில் சிரை. ‘நரம்பு சுருட்டல்’ என்பதும் காலில் வீங்கி நெளிந்த சிரைகளையே குறிக்கிறது. ராயபுரத்திலிருந்து வரும் ஒரு பாட்டி ‘கால் நரம்பு புடைத்திருக்கிறது’ என்று சொல்லும்போது அவர் சொல்வதை அப்படியே புரிந்துகொள்ளுங்கள். ஆனால் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் நுழைந்ததும் நரம்பு என்ற சொல்லை, குழல் இல்லாத, உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழைக்கட்டுக்கு மட்டுமே வழங்குங்கள்.

அடுத்தது நிறம். படத்தின் நிறங்கள் படிப்பவரின் வசதிக்காகத் தீட்டப்பட்டவை. ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் அவை இருக்காது என்பதால், நிறத்தைத் தேடும் பழக்கத்தையே விட்டுவிடுமாறு என் மாணவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். அதற்குப் பதிலாக விரலைப் பயன்படுத்துங்கள். ஐயத்துக்குரிய அமைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல உருட்டிப் பாருங்கள். தமனியின் சுவர் தடித்தது. அழுத்தினால் ரப்பர் குழாய்போல் அமுங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வரும். சிரையின் சுவர் மெல்லியதாகையால் அது நாடாபோல் தட்டையாகிக் கிடக்கும். நரம்பு கெட்டியான கயிறு. உருளுமே தவிர அமுங்காது, அதன் மேற்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் தெரியும். வெட்டுமுனை கிடைத்தால் ஐயமே எழாது: தமனியில் வட்டமான துவாரம் திறந்தே இருக்கும், சிரையில் துவாரம் ஒடுங்கியிருக்கும், பெரும்பாலும் உறைந்த இரத்தத்தின் கருநிறக் கட்டியும் இருக்கும், நரம்பிலோ, மின்சாரக் கேபிளை வெட்டினால் உள்ளே பல கம்பிகள் தெரிவதுபோல் இழைக்கட்டுகள் தெரியும். இறப்புக்குப் பின் தமனிச் சுவர்கள் சுருங்கி இரத்தத்தைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுவதால்தான் தமனிகள் வெறுமையாகக் காணப்படுகின்றன. தசைநாண்களையும் நரம்பென்று எண்ணிவிட வேண்டாம். அவை வெள்ளிபோல் பளபளக்கும், ஒரு முனை தசையில் சென்று முடியும்.

இவ்வளவும் வகையை மட்டுமே சொல்லும். எந்தத் தமனி, எந்த நரம்பு என்ற பெயர், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பவற்றால் கிடைக்கிறது. கத்திப்பாராவைத் தாண்டியதும் அண்ணா சாலை ஜி.எஸ்.டி. சாலையாகிவிடுவதுபோல, ஒரே குழாய் முதல் விலா எலும்பின் வெளிவிளிம்பைக் கடந்ததும் ஆக்ஸிலரி (அக்குள்) தமனி என்றும், அக்குளின் பின்புறமுள்ள டெரெஸ் மேஜர் தசையின் கீழ்விளிம்பைத் தாண்டியதும் பிராக்கியல் தமனி என்றும் பெயர் மாறுகிறது. ஆகவே குறியிட்ட இடத்தை மட்டும் உற்றுப் பார்க்காமல், மேலும் கீழும் தொடர்ந்து சென்று பாருங்கள்.

அண்டை அமைப்புகளின் வரிசை சில இடங்களில் மிக உறுதியாகக் கைகொடுக்கும். தொடை இடுக்கில் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக, அதாவது உடலின் நடுக்கோட்டை நோக்கி, ஃபெமரல் (தொடை) நரம்பு, தமனி, சிரை என்பது வரிசை. தமனியும் சிரையும் ஒரே உறைக்குள் இருக்க, நரம்பு அந்த உறைக்கு வெளியே கிடக்கும். பின்னாளில் வார்டில் ஃபெமரல் சிரையில் இரத்தம் எடுக்கும்போது, துடிப்பைத் தொட்டு அதற்கு உட்புறம் ஊசி செலுத்துவது இந்த வரிசையை நம்பித்தான். முழங்காலின் பின்குழியில் ஆழமே வரிசை: தோலுக்கு அருகே டிபியல் நரம்பு, அதற்கடியில் சிரை, எல்லாவற்றுக்கும் ஆழத்தில் தமனி. அங்கே நாடித்துடிப்பைத் தொட்டறிவது கடினமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. கழுத்தின் கரோட்டிட் உறையில் உட்புறம் தமனி, வெளிப்புறம் ஜுகுலர் சிரை, இரண்டுக்கும் இடையே சற்றுப் பின்னால் வேகஸ் நரம்பு. உறைக்குப் பின்னே முடிச்சுபோன்ற வீக்கங்களுடன் செல்வது சிம்பதடிக் நரம்புத் தொடர்; அதை வேகஸ் என்று எழுதிய விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். விலா எலும்பின் கீழ்விளிம்பில் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு அமைந்திருப்பதால், நெஞ்சில் நீர் எடுக்கும் ஊசியைக் கீழுள்ள விலாவின் மேல்விளிம்பை ஒட்டிச் செலுத்துகிறார்கள்.

விடுதி அறையில் உங்கள் கையிலேயே பயிலலாம். முழங்கையைச் சற்று மடக்கினால் மடிப்பின் நடுவே பைசெப்ஸ் தசைநாண் கயிறுபோல் எழும்பும். அதன் உட்புறத்தை ஒட்டித் துடிப்பது பிராக்கியல் தமனி. அதற்கும் உட்புறத்தில் மீடியன் நரம்பு. முழங்கையின் உள்புடைப்புக்குப் பின்னால் விரலை வைத்து மெல்ல உருட்டினால் அல்நார் நரம்பு தட்டுப்படும். மேசையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்வது அதுதான்.

உங்கள் பிழைக்கு வருகிறேன். நீங்கள் தடுமாறியது மேற்கையிலேயே மிகக் கடினமான இடத்தில். மேற்கையின் தொடக்கத்தில் மீடியன் நரம்பு தமனிக்கு வெளிப்புறத்தில் இருக்கிறது. நடுப்பகுதியில், பெரும்பாலும் தமனிக்கு முன்னாலேயே, அதைக் குறுக்காகக் கடந்து உட்புறம் போய்விடுகிறது. குறியிட்டிருந்தது அந்தக் கடப்பிடத்தில் என்பதால் இடம் வலம் பார்ப்பது உதவியிருக்காது. தேர்வில் தொட்டுப் பார்க்கவும் விட மாட்டார்கள். அந்நிலையில் கண்ணால் இரண்டைத் தேடுங்கள். அக்குளில் இரண்டு வேர்கள் சேர்ந்து உருவாவது மீடியன் நரம்பு. அந்தச் சேர்க்கையும் அதன் இருபக்க நரம்புகளும் ஆங்கில எம் எழுத்தைப்போல் ஆக்ஸிலரி தமனிக்கு முன்னால் தெரியும். அங்கிருந்து பார்வையைக் கீழே கொண்டுவாருங்கள். மேற்கையில் மீடியன் நரம்பு பொதுவாக எந்தத் தசைக்கும் கிளை தருவதில்லை. பிராக்கியல் தமனியோ வழிநெடுகக் கிளைகளைத் தருகிறது. குறியிட்ட அமைப்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேற்கைத் தசைக்குள் நுழைவது தெரிந்தால், தமனி என்று தயங்காமல் எழுதலாம்.