ஓட்டில் கீறிய ஓட்டு

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவி நான். பண்டைய கிரேக்கப் பண்பாடு பற்றி எங்கள் ஐவர் குழு வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். ஜீயஸ், ஒலிம்பிக், சாக்ரடீஸ் என்று 32 ஸ்லைடுகள் தயார். ஒத்திகையில் எங்களுக்கே கொட்டாவி வந்துவிட்டது. புதுமையாக என்ன செய்யலாம்?

பதில்: கொட்டாவி ஒத்திகையிலேயே வந்தது உங்கள் அதிர்ஷ்டம். அந்த 32-ஐயும் மூட்டை கட்டுங்கள். வீட்டில் உடைந்த மண் பூந்தொட்டி இருக்கிறதா? அது போதும்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில், செல்வாக்கு மிஞ்சிப்போன ஒருவரைப் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டு அனுப்ப வாக்கெடுப்பு நடத்துவார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பானை ஓடுதான் வாக்குச்சீட்டு. குறைந்தது 6000 ஓடுகள் விழவேண்டும். அனுப்ப வேண்டியவரின் பெயரோடு அவர் தகப்பன் பெயரையும் கீறுவார்கள்: ‘தெமிஸ்டோக்ளிஸ், நியோக்ளிஸின் மகன்’. நம் இனிஷியல் மாதிரி. தெமிஸ்டோக்ளிஸ் ஏதென்ஸின் பெரிய தலைவர். நகரின் நடுக்குன்றான அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு கிணற்றுக்குள் இவர் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியா, ஆள் பிடிக்கும் வேலையா? வகுப்பையே கேளுங்கள்.

குழுவில் ஒருவர் தெமிஸ்டோக்ளிஸ், இன்னொருவர் அவருடைய அரசியல் எதிரி அரிஸ்டைடிஸ். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியான் சுரங்கத்து வெள்ளியில் போர்க்கப்பல் கட்டுவதா, மக்களுக்குப் பங்கு போடுவதா என்று ஏதென்ஸில் எழுந்த கேள்வியை வைத்து மூன்று நிமிடம் மோதட்டும். பிறகு வாக்கெடுப்பு. ஓட்டுத்துண்டுகளை வகுப்பில் சிலருக்கு மட்டும் கொடுங்கள், காரணம் சொல்லாதீர்கள். கிடைக்காதவர்கள் கட்டாயம் முணுமுணுப்பார்கள். அப்போது சொல்லுங்கள்: பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் அங்கே வாக்கில்லை. நீங்களும் உங்கள் தோழிகளும் அங்கே பிறந்திருந்தால் வேடிக்கைதான் பார்த்திருப்பீர்கள்.

முடிவை அறிவித்த கையோடு நடந்ததையும் சொல்லிவிடுங்கள். கி.மு. 482-இல் வெளியேறியவர் அரிஸ்டைடிஸ். எழுதத் தெரியாத ஒருவன் அவரிடமே ஓட்டை நீட்டி, “அரிஸ்டைடிஸ் என்று எழுதிக்கொடுங்கள்” என்றானாம். ஏன் என்று கேட்டதற்கு, “எங்கே போனாலும் அவரை ‘நீதிமான், நீதிமான்’ என்கிறார்கள், காது புளித்துவிட்டது” என்றானாம். அவர் பேசாமல் எழுதிக்கொடுத்தார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். இரண்டே ஆண்டில், பாரசீகப் படை வந்தபோது, ஏதென்ஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து தெமிஸ்டோக்ளிஸையும் அதே ஓடு வெளியேற்றியது.

ஒரே ஒரு கண்டிப்பு: சக மாணவர் பெயரையோ ஆசிரியர் பெயரையோ யாரும் கீறக்கூடாது. ஓட்டின் விளிம்பை முதல்நாளே சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கீறுவதற்கு இரண்டங்குல ஆணி சரியாக இருக்கும்.