ரீலை முழுசாக விரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்

30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீல் சூடாகிறது, வட்ட ரம்பமும் திணறுகிறது என்கிறீர்கள். ரம்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பாதி வயரைச் சுருளிலேயே விட்டுத்தானே ஓட்டுகிறீர்கள்? சுற்றிக் கிடக்கும் வயரில் சூடு வெளியேற வழியில்லை, உள்சுற்றுகளின் உறைதான் முதலில் இளகும். ரீலின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாட் அளவு போட்டிருக்கும்: சுருட்டிய நிலைக்கு ஒன்று, முழுதாக விரித்தால் ஒன்று. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

அப்புறம், உங்களுடைய 1 சதுர மி.மீ. வயர் இந்த நீளத்துக்கு மெலிது. வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடுகிறது, அதான் திணறல். 2.5 எடுங்கள், எர்த் உள்ள மூன்று கம்பி வயராக. விரித்த பிறகும் பிளக் மட்டும் சுட்டால், அது லூஸ் கனெக்ஷன். பிளக்கின் பின்கள் கருத்திருக்கிறதா பாருங்கள். கருத்திருந்தால் பிளக்கோடு சாக்கெட்டையும் மாற்றிவிடுங்கள்.