வீட்டில் கட்டிய ஃபஸ் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி கருவி) மிதித்தால் சத்தமே வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இது: ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடலின் சர்க்யூட்டை இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர் வைத்து டாட் போர்டில் (துளைகள் போட்ட பலகை) கட்டியிருக்கிறீர்கள். பைபாஸில், அதாவது சிக்னல் சர்க்யூட்டுக்குள் போகாமல் நேராகப் போகும்போது, கிட்டார் ஒழுங்காகக் கேட்கிறது. ஸ்விட்சை மிதித்தால் அமைதி. கம்பியை ஓங்கி அடித்தால் மட்டும் 'கிர்ர்' என்று ஒரு துப்பல், அதோடு சரி. இரண்டு டிரான்சிஸ்டரையும் மாற்றியாகிவிட்டது, பலனில்லை.

முதலில் டிரான்சிஸ்டர் மாற்றுவதை நிறுத்துங்கள். பிசி 547 அவ்வளவு சுலபத்தில் சாகிற பொருள் இல்லை. தவிர, அந்தத் துப்பல் ஒரு நல்ல தகவல். ஏதோ கொஞ்சமாவது வெளியே வருகிறது என்றால் ஜாக், வால்யூம், ஸ்விட்ச் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. டிரான்சிஸ்டர் நிற்க வேண்டிய வோல்டேஜில் நிற்கவில்லை, அதுதான் சிக்கல். ஆகவே காதை விட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

அளக்கும் முன் ஒன்று. இன்புட் ஜாக்கில் கேபிளைச் செருகினால்தான் பல பெடல்களில் பேட்டரியே இணையும். ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் பேட்டரியின் நெகட்டிவைக் கொடுப்பது அதற்காகத்தான். கேபிள் இல்லாமல் அளந்து, எல்லா இடத்திலும் பூஜ்யம் வருகிறதே என்று போர்டையே பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளைச் செருகுங்கள், ஸ்விட்சை எஃபெக்ட் பக்கம் வையுங்கள், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து கருப்பு முனையை இன்புட் ஜாக்கின் கிரவுண்டில் பிடியுங்கள்.

இப்போது நான்கு இடங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்; கிட்டார் சிக்னல் முதலில் நுழைவது முதல் டிரான்சிஸ்டர். முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் சுமார் 0.6 வோல்ட். அதன் கலெக்டரில் 1.2-லிருந்து 1.4 வரை; இரண்டாவதின் பேஸும் அதே புள்ளிதான். இரண்டாவதின் எமிட்டரில் 0.6-லிருந்து 0.8. கடைசியாக இரண்டாவதின் கலெக்டர், அங்கே 4.5-ஐ ஒட்டி வர வேண்டும். 9 வோல்ட்டில் சரிபாதி. அலை மேலேயும் கீழேயும் அசைய அங்கேதான் இடம் இருக்கிறது.

கடைசி எண்தான் முக்கியம். அது 9-ஐ ஒட்டி நின்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரில் மின்னோட்டமே இல்லை. எமிட்டரிலிருந்து 1கே ஃபஸ் பாட் (ஃபஸ் அளவைத் திருகும் குமிழ்; கே என்றால் ஆயிரம் ஓம்) வழியாக கிரவுண்டுக்குப் போகும் வழி அறுந்திருக்கலாம். முதலாவதின் கலெக்டருக்கு மின்சாரம் தரும் 33கே ரெசிஸ்டர் சரியாக ஒட்டாமல் இருக்கலாம். மாறாக 1 வோல்ட் அளவில் படுத்திருந்து, எமிட்டரிலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தால், இரண்டாவது முழுசாக ஆன் ஆகிக் கிடக்கிறது. அப்போது குற்றவாளி பெரும்பாலும் முதலாவது. அது வேலை செய்யாததால் 33கே வழியாக வரும் மின்னோட்டம் முழுக்க இரண்டாவதின் பேஸுக்குள் போய்விடுகிறது. இரண்டாவதின் எமிட்டரிலிருந்து முதலாவதின் பேஸுக்குப் போகும் 100கே ரெசிஸ்டர் அறுந்தாலும் இதே கதைதான்.

உங்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது வகைதான் என்று என் ஊகம். காரணம், கால்களின் வரிசை. பிசி 547-ன் தட்டையான முகத்தை உங்களைப் பார்க்க வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டரில் அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். இணையத்தில் கிடைக்கும் லேஅவுட் பல 2என் 3904-க்கு வரைந்தவை. படத்தில் இருக்கும் அரைவட்டத்தைப் பார்த்து அதே திசையில் 547-ஐச் செருகினால் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிவிடும். எத்தனை புது டிரான்சிஸ்டர் போட்டாலும் அதே திசையில் போட்டால் அதே விளைவுதான் வரும். சாதாரண மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் செருகும் எச்எஃப்இ துளைகள் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று காட்டுபவை) இருக்குமே, அதில் செருகிப் பாருங்கள். சரியான திசையில் இருநூறு, முந்நூறு, 'சி' வகையென்றால் அதற்கு மேலும் காட்டும். திருப்பிப் போட்டால் ஒற்றை இலக்கத்துக்கு விழுந்துவிடும்.

திசை சரி என்றால் அடுத்த சந்தேகம் ரெசிஸ்டர் நிறங்கள். 470 ஓம் என்பது மஞ்சள், ஊதா, பழுப்பு. 470கே என்பது மஞ்சள், ஊதா, மஞ்சள். ஒரு ஒற்றைக் கோடு மாறினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கலந்து வாங்கி வந்த ரெசிஸ்டர்களில், அதுவும் நீல உடம்பில் ஐந்து கோடு போட்ட வகையில், டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்று போலத்தான் தெரியும். நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் ஒட்டும் முன் மீட்டரில் வைத்துப் பார்ப்பதே என் வழக்கம். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால் பேட்டரியைக் கழற்றி, ஒரு காலை மட்டும் எடுத்துவிட்டு அளக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கலெக்டரில் 3 அல்லது 3.5 வோல்ட் வந்தால் பயப்பட வேண்டாம், அது பிழை இல்லை. ஃபஸ் ஃபேஸ் 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை வைத்துக் கொண்டுவந்த பெடல். 33கே, 8.2கே (இரண்டாவதின் கலெக்டருக்கு மின்சாரம் தருவது) என்ற மதிப்புகள் அதன் வழி வந்தவை. பிசி 547 சிலிக்கான் வகை; சிலிக்கானுக்கு பேஸில் 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மேனியத்துக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் சிலிக்கான் போட்டால் எமிட்டர் வோல்டேஜ் ஏறும், 1கே வழியாக 0.65 மில்லி ஆம்ப் போல ஓடும், அது 8.2கே-யில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். தீர்வு எளிது. 8.2கே-யை எடுத்துவிட்டு 10கே பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டு, கலெக்டரில் 4.5 வரும்வரை திருகுங்கள். 6.5கே பக்கம் எங்காவது வந்து நிற்கும். பிறகு மீட்டரை மறந்துவிட்டு காதால் கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பிப் பாருங்கள். எனக்கு 5 வோல்ட் பக்கம் பிடிக்கும், சுரம் கொஞ்சம் விட்டு விட்டுத் தேயும். அது ருசியைப் பொறுத்தது.

நான்கு எண்களும் சரி, ஆனாலும் சத்தமில்லை என்றால் மட்டும் சிக்னலைத் துரத்த வேண்டும். பழைய கிட்டார் கேபிள் ஒன்றை வெட்டி, ஒரு முனையை ஆம்ப்பில் செருகுங்கள். வெட்டிய முனையின் வெளிவலையை குரோக்கடைல் கிளிப்பால் பெடலின் கிரவுண்டில் மாட்டுங்கள். நடுக்கம்பியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஒட்டி, அதன் மறுகாலை ஊசி போல வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பின் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, யாரையாவது கிட்டாரைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி, முதல் பேஸிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பேஸில் மெலிதாக, அடுத்த கலெக்டரில் பலமாக, கடைசிக் கலெக்டரில் காது கிழியும் அளவுக்கு. எங்கே நின்றுபோகிறதோ அதற்கு முந்தைய ஒட்டில் கோளாறு. மங்கலாக, உருண்டையாக நிற்கும் ஈயம் என்றால் டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்களே அதுதான். ஃபிளக்ஸ் தடவி மறுபடி சூடு காட்டினால் போதும். மிதிக்கும் ஸ்விட்சின் ஒன்பது கால்களில் மட்டும் நிதானம் வேண்டும். அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, காண்டாக்ட் சாய்ந்துவிடும்.

பெடல் உயிர் பெற்றதும் சிலருக்கு அடுத்த அதிர்ச்சி வரும்: கிட்டாரை வாசிக்காதபோது ஆம்ப்பில் வானொலிச் செய்தி கேட்கும். அதிக கெய்ன் (பெருக்கம்) உள்ள சிலிக்கான், மூடாத பெட்டி, நீளமான இன்புட் கம்பி, மூன்றும் சேர்ந்தால் பெடலே ஏஎம் ரேடியோ ஆகிவிடும். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் குறுக்கே 100 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள், அலுமினியப் பெட்டியில் வைத்து பெட்டியை கிரவுண்டோடு இணையுங்கள். கொசகொசப்பும் குறையும், செய்தி வாசிப்பவரும் போய்விடுவார்.