ஹும்ப்பா என்றால் என்ன, தெரியாமல் போகலாமா?

ஃபின்லாந்தில் உடன் வேலை செய்பவர்கள் ஏரிக்கரைத் தான்ஸிலவாவுக்கு, அதாவது ஊரார் கூடி ஜோடியாக ஆடும் நடனக் கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நோட்டீஸில் 'ஹும்ப்பா' என்று இருக்கிறது, அது என்ன, ஆடத் தெரியாமல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஹும்ப்பா ஃபின்லாந்தின் வேகமான நடன இசை, அதற்கு ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர். நம் தகதிமி மாதிரி அந்தப் பெயரும் வாயால் சொல்லும் தாளம்தான். 'ஹும்' என்பது டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் கொடுக்கும் அடி. 'பா' என்பது அதற்கு எதிரடியாக மற்றப் பித்தளை வாத்தியங்களோ அக்கார்டியனோ வெட்டுவது. டியூபா பெரும்பாலும் ஸ, ப இரண்டிலும் மாறி மாறி நிற்கும்.

ஜெர்மன் அக்டோபர் பீர் விழாவில் பாண்டு இசைக்குப் புழங்கிய சொல்லை ஃபின்லாந்து வானொலியின் அன்டெரோ அல்போலா 1950களில் தன் நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதில் ஒலித்தது 1920, 30களின் வேகமான ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடன இசைப் பாணி. அதனால், நூற்றாண்டுகள் பழைய கிராமிய நடனம் என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். இசைக்கு வயது உண்டு. பெயர் ரேடியோ வைத்தது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வம்பு. தமிழில் 'ம்' அடுத்து வரும் 'ப' தானாக மெலிந்துவிடும், 'அம்பு' போல. இங்கே அப்படி மெலியக்கூடாது. உதட்டை மூடி ஒரு கணம் நிறுத்தி, 'அப்பா'வில் வருகிற மாதிரி வல்லினமாகத் திறக்க வேண்டும். அழுத்தம் முதல் அசையில். கடைசி 'பா'வை இழுக்காதீர்கள், ஃபின்னிஷில் அது குறில்.

வேகம் நிமிடத்துக்கு 220 முதல் 260 அடி. பயப்பட வேண்டாம், ஒவ்வோர் அடிக்கும் கால் வைப்பதில்லை. 'ஹும்'முக்கு ஒரு எட்டு வைத்து விறுவிறுவென நடந்தாலே போதும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது 'பா'வையும் எண்ணிக் கால் வைப்பதால். இன்னொன்று, போல்க்கா என்ற துள்ளல் நடனத்தில் வருகிற துள்ளலை இதில் போடுவது. குதிக்காமல் வழுக்கி நடங்கள். ரப்பர் அடி ஷூ திரும்பும்போது பிடித்து முழங்காலைத் திருகும், தோல் அடி நல்லது.

எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுவார்கள். தடுமாறினால் சுற்றுகிறவர்களின் வழியில் நிற்காமல் வட்டத்தின் உள்பக்கம் ஒதுங்குங்கள். ஒவ்வொரு நடன வகைக்கும் அடுத்தடுத்து இரண்டு பாட்டு வரும். இரண்டையும் ஒரே துணையோடு ஆடி, நன்றி சொல்லி, அவரை அழைத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது வழக்கம். முதல் பாட்டோடு கழன்றுகொண்டால் முகம் சுளிப்பார்கள். 'நைஸ்தென்ஹக்கு' என்று பலகையில் விளக்கு எரிந்தால் பெண்கள் துணை தேடும் முறை, அப்போது நீங்கள் போய்க் கேட்காதீர்கள்.