மணாலிக்குக் குழந்தைகளோடு: எந்த லீவுக்கு எந்தப் பருவம்?

இமாச்சலத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. மணாலி, குல்லு, சிம்லா பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கோவை: அண்ணா, மே மாசம் மணாலியில் பனி இருக்குமா? ஆறு வயசிலும் பத்து வயசிலும் இரண்டு பிள்ளைகள்.

ஊருக்குள் இருக்காது. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். மே மாதம் அங்கே ஸ்வெட்டர் போடும் அளவு குளிர்தான். பனியைத் தொட மேலே ஏற வேண்டும். ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர். ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. பசுமைத் தீர்ப்பாயம் ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வைத்திருக்கிறது: பெட்ரோல் 800, டீசல் 400. பெர்மிட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக வழக்கமாக மூடிவிடுவார்கள்.

பெர்மிட் கிடைக்கவில்லையா, வருத்தப்படாதீர்கள். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை இருக்கிறது. 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பெர்மிட் வேண்டாம். உள்ளே நுழையும்போது இரு பக்கமும் பச்சை மலை. மறுபக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கில் வெளியே வந்தால் மரமே அரிதான மொட்டை மலைகள். அந்த மாற்றத்தைப் பார்த்து பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே கத்திவிடுவார்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். முதல் நாளே மேலே ஏறாதீர்கள். மணாலியில் ஒரு நாள் சும்மா இருங்கள், ஹடிம்பா கோயில் தேவதாரு காட்டில் நடங்கள். 1553-இல் கட்டிய மரக்கோயில், அடுக்கடுக்கான கூரை. மறுநாள் மேலே போனபிறகு குழந்தைக்குத் தலைவலி, வாந்தி என்றால் மாத்திரை கொடுத்துவிட்டு அங்கேயே இருக்காமல் உடனே கீழே இறங்குங்கள். அப்புறம் கையுறை. கம்பளிக் கையுறை பனியில் கொஞ்ச நேரத்தில் சொதசொதவென்று நனைந்து விரல் விறைத்துவிடும். தண்ணீர் இறங்காத கையுறை வாங்குங்கள்.

சென்னை: பியாஸ் ஆற்றை ஒட்டி ரூம் போட்டிருக்கிறோம். தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிகிறது. பிள்ளைகள் இறங்கலாமா?

கூடாது. 2014 ஜூனில் இதே ஆற்றில், மண்டி மாவட்டத்தில், ஹைதராபாத்திலிருந்து வந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். அவ்வளவுதான். இந்த மலை ஆறுகளில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் இருந்த மட்டம் மாலையில் இருக்காது. ரூம் ஜன்னலிலிருந்து பாருங்கள், போதும்.

மதுரை: அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசியில் போனால் பனி நிச்சயமா?

ஊருக்குள் நிச்சயம் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில்தான் வாய்ப்பு அதிகம். டிசம்பரில் மேலே இருக்கும், ஆனால் வருடக் கடைசியில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். குழந்தைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கையில் வைத்திருங்கள். ரூமுக்குள் கரி அடுப்பு கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவை மூடித் தூங்கினால் அதிலிருந்து வரும் நச்சுவாயு உயிரை எடுத்துவிடும்.

திருச்சி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களும் ரசிக்கும்படி எது?

சிம்லா ரயில். கால்காவிலிருந்து 96 கிலோமீட்டர், 1903-இல் ஓடத் தொடங்கியது, 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அந்த மெதுவான ஓட்டம்தான் அதன் அழகு. நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் பெரியது பரோக், 1,143 மீட்டர். அதை ஒட்டிய ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், கட்லெட் சாப்பிடலாம். சிம்லாவில் கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோடுக்கு லிஃப்ட் உண்டு. அம்மா ஏற வேண்டியதில்லை.

சேலம்: சார், பனி இல்லாத மாசத்தில் இமாச்சலம் போவது வீண் செலவு. மலைதான் பார்க்கணும் என்றால் கொடைக்கானல் போதாதா?

ஈரோடு: சேலத்துக்காரர் சொல்வது சரியில்லை. நாங்கள் அக்டோபரில் போனோம், பிள்ளைகள் இன்னும் அந்தப் பேச்சுதான்.

சேலம் சார், இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். கொடைக்கானல் அருமையான ஊர், ஆனால் அங்கே வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று ஊரே நிறம் மாறுவதில்லை. குல்லு பள்ளத்தாக்கில் மாறும். மார்ச் கடைசி, ஏப்ரலில் ஆப்பிள் மரம் பூக்கும். நம் காலாண்டு லீவு வரும் சமயத்தில் மேட்டுத் தோட்டங்களில் ஆப்பிள் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

தசரா இன்னொன்று. மற்ற ஊர்களில் விஜயதசமியோடு முடியும்; குல்லுவில் அன்றுதான் தொடங்கும், ஏழு நாள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் பல்லக்கில் தால்பூர் மைதானத்துக்கு வருவார்கள். மணாலியிலிருந்து ஹடிம்பா தேவி வந்து சேராமல் விழா தொடங்காது. ராவணன் பொம்மையை இங்கே எரிப்பதில்லை.

குல்லு பக்கத்து மணிகரணுக்கும் கூட்டிப்போங்கள். வெந்நீர் ஊற்றில் அரிசியைத் துணி மூட்டையாகக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு வேகவைப்பார்கள். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. அவிழ்க்கும்போது உள்ளே சோறு! பத்து வயதுப் பிள்ளைக்குப் பூமிக்குள் சூடு இருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சேலம்: திருவிழா நம் ஊரிலேயே இருக்கிறது சார். பனி இங்கே இல்லையே. வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதானே ஆசை?

அந்த ஆசை நியாயமானது. அதைக் குறை சொல்லவில்லை. பனி மட்டுமே வேண்டுமென்றால் பிப்ரவரியில் மூன்று நாள் லீவு போட்டுப் போங்கள், மணாலிக்கு மேலே உள்ள சோலாங் பள்ளத்தாக்கில் ஆசை தீர விளையாடட்டும். மே மாதக் கூட்டத்தில், ஒரு நாளில் ஆறு மணி நேரம் வண்டியிலேயே உட்காரவைத்து, அழுக்கேறிய பனித் திட்டில் பத்து நிமிடம் நிற்கவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தஞ்சாவூர்: ஆகஸ்டில் பேக்கேஜ் மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

குழந்தைகளோடு வேண்டாம். மழை, நிலச்சரிவு. 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் கரைச் சாலையே பல இடத்தில் போனது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ராஃப்டிங், பாராகிளைடிங் இரண்டுக்கும் தடை வேறு.

வேலூர்: ஏப்ரலில் பனி இருக்குமா?

நாகர்கோவில்: ஜூனில் பனி?

மேலே கோவைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஊருக்குள் இல்லை, மேலே உண்டு.

நெல்லை: அங்கிருந்தே லே வரை போய்விடலாமா?

வேறு உயரம், வேறு தயாரிப்பு. லடாக் போய்ப் பழகியவர்களிடம் கேளுங்கள்.

புதுச்சேரி: இட்லி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் சித்து சாப்பிட்டுப் பாருங்கள். ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டம், நெய்யோடு.

கரூர்: கசோலில் ஆற்றங்கரைக் கூடாரம் பார்த்தேன்...

கசோல் வழியே ஓடும் பார்வதி ஆறும் பியாஸ் மாதிரிதான். கரையிலிருந்து தள்ளி, மேட்டில் ரூம் எடுங்கள். குழந்தை கையை விடாதீர்கள்.

சேலம்: சரி சார், வீட்டில் தசராவுக்கே போகலாம் என்கிறார்கள். எங்கே தங்குவது? அப்போது ரோத்தங்கில் பனி கிடைக்குமா?

நக்கரில் தங்குங்கள். குல்லுவுக்கும் மணாலிக்கும் நடுவில், மேட்டில் இருக்கிறது. பழைய கோட்டையும், ரஷ்ய ஓவியர் நிக்கோலாய் ரோரிக் வாழ்ந்த வீட்டில் ஓவியக்கூடமும் நடந்தே பார்க்கலாம். விழாவின் முதல் நாள் தால்பூரில் கூட்டம் நெரிக்கும், சின்னப் பிள்ளைகளோடு இரண்டாம் நாள் போங்கள். அக்டோபரில் ரோத்தங்கில் புதுப்பனி விழுவதுண்டு. ஆனால் உறுதி தர மாட்டேன், பிள்ளைகளிடம் நீங்களும் தராதீர்கள். பெர்மிட்டை மட்டும் எடுத்துவையுங்கள்.