கேளுங்க சொல்றோம்: கஜானா காலியான ராஜா குடுத்த இரும்பு மெடல்

எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைல குண்டு போட்ட கதைய போன இதழ்ல எழுதினோம், அதுக்கப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்கள் கிட்ட இருந்து பழைய ஜெர்மன் ராஜாக்கள் குடுத்த மெடல்களைப் பத்தி கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி: சார், ஜெர்மன் மெடல்னாலே கறுப்பா ஒரு சிலுவையத்தான் காட்டுறாங்க. உயிரக் குடுத்து சண்டை போட்டவனுக்கு ஒரு ராஜா போயும் போயும் இரும்பையா குடுப்பார், தங்கம் இல்லையா?
(கல்லூரி மாணவர், தர்மபுரி)

பதில்: நெசமாவே இல்ல தம்பி. 1806ல, அன்னிக்கு இருந்த ஜெர்மன் ராஜ்யங்கள்ல பெரிய ஒண்ணான பிரஷ்யா நெப்போலியன் கிட்ட தோத்துச்சு, அடுத்த வருஷ ஒப்பந்தத்துல கிட்டத்தட்ட பாதி நாடு கைய விட்டுப் போச்சு, தண்டம் கட்டிக் கட்டியே கஜானா காலி. 1813ல மறுபடி சண்டைக்குக் கெளம்பும்போதுதான் மூணாம் ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் ராஜா இந்த இரும்புச் சிலுவைய ஆரம்பிச்சார், உத்தரவுல மார்ச் 10ன்னு தேதி போட்டார், அது 1810ல இறந்துபோன அவர் மனைவி ராணி லூயிஸோட பொறந்தநாள். ராஜாவே ஒரு படம் வரைஞ்சு குடுத்தார், அதைத் திருத்தி அழகாக்கினவர் ஷிங்கல்ங்கற பெரிய கட்டடக் கலைஞர். நடுவுல கறுப்பு வார்ப்பிரும்பு, சுத்தி மெல்லிசா வெள்ளி ஓரம், அவ்வளவுதான். அதே மாசம் அரண்மனைப் பொம்பளைங்க ஊர் ஜனங்க கிட்ட நகை கேட்டாங்க, கல்யாண மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தவங்களுக்கு பதிலா இரும்பு மோதிரம் குடுத்தாங்க. 1962 சீனச் சண்டையப்ப நம்ம வீட்டுப் பொம்பளைங்க நகை குடுத்த மாதிரிதான். ஆக இரும்பு போட்டுக்கறதே அன்னிக்கு அங்க கௌரவம்.

ஆனா எனக்கு அந்த இரும்ப விட பெருசாத் தெரியறது வேற ஒண்ணு. அதுவரைக்கும் பிரஷ்யாவுல ஆபீசருக்கு ஒரு மெடல், சிப்பாய்க்கு வேற மெடல். இரும்புச் சிலுவைலதான் மொத தடவையா தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே சிலுவை, ரெண்டாம் வகுப்பு வாங்காம யாரும் முதல் வகுப்பு வாங்க முடியாது, அது எவ்வளவு பெரிய பிரபு வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. நம்ம பரம் வீர் சக்ராவுல ராங்க் பாக்கறதில்லையே, அந்த நியாயத்தை இவங்க 1813லயே செஞ்சிருக்காங்க. அந்த ஒரு சண்டைக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சாங்க, ஆனா 1870லயும் 1914லயும் திரும்பக் கொண்டு வந்தாங்க, முதல் உலகப் போர்ல லட்சக்கணக்குல குடுத்தாங்க. என்னைக் கேட்டா 1813 சிலுவைக்கு இருக்கற மதிப்பு பின்னாடி வந்த எதுக்கும் இல்ல.

கேள்வி: எங்க பக்கம் மாடு மீட்கப் போய் செத்தவங்களுக்கெல்லாம் நடுகல் நிக்குது. ஜெர்மன் ராஜா செத்துப்போன வீரனுக்கு என்ன செஞ்சார்?
(வாசகர், அரூர்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லணும் ஐயா. 1813 கணக்குல இரும்புச் சிலுவைங்கறது உயிரோட இருக்கறவங்க போட்டுக்கறது. வாங்கினவர் செத்துட்டா அந்தச் சிலுவை வீட்டுக்குப் போகாது, அதே படைப்பிரிவுல தகுதி இருந்தும் கிடைக்காமக் காத்திருக்கற அடுத்த ஆளுக்குப் போகும், அந்த உரிமைக்காரங்களுக்குன்னு தனியா பட்டியலே இருந்துச்சு. அப்ப செத்தவனுக்கு என்னன்னு கேட்டா, 1813 மே 5ம் தேதி ராஜா இன்னொரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர் சர்ச்லயும் அந்த ஊர் செலவுல ஒரு பலகை வைக்கணும், மேல இரும்புச் சிலுவை, கீழ ராஜாவுக்காகவும் நாட்டுக்காகவும் இந்த ஊர்ல இருந்து போய் செத்தவங்கன்னு எழுதி எல்லார் பேரும் வரணும். அதுக்கு முன்னாடி அங்க சாதாரண சிப்பாயோட பேரை எழுதி வைக்கற வழக்கமே கிடையாதுன்னு சொல்லலாம். நம்ம தர்மபுரி மியூசியத்துல இருக்கற நடுகல்லப் போய்ப் பாருங்க, பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே எந்த ராஜா காலத்துல, யாரோட ஆளு, எந்தச் சண்டைல செத்தான்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, பக்கத்துலயே அவன் கைல வில்லும் கத்தியுமா நிக்கற உருவம். பேரை விடக்கூடாதுங்கற எண்ணம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான், அதுல நம்மாளுங்க ரொம்ப முந்தி.

கேள்வி: சண்டை போட்டாத்தான் மெடலா? பொம்பளைங்க, படிச்சவங்களுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: இருக்கும்மா, நிறையவே இருக்கு. காயம்பட்ட வீரர்களைப் பாத்துக்கிட்ட பொம்பளைங்களுக்காக 1814ல ராணி லூயிஸ் பேர்லயே ஒரு விருது வந்துச்சு. 1833ல உயிர் காப்பாத்தினவங்களுக்கு மெடல் வந்துச்சு. பின்னாடி ஜெர்மனிய ஒண்ணாச் சேர்த்த பிஸ்மார்க் இருக்காரே, 1842ல தண்ணில மூழ்கப் போன தன்னோட குதிரைக்காரனைக் குதிச்சுக் காப்பாத்தினதுக்கு அவருக்குக் கிடைச்சது அதுதான், பெரிய பெரிய விருது வந்த பிறகும் அதை விடாம பெருமையாப் போட்டுக்கிட்டார்.

பூர் லெ மெரிட்னு நீல நிறச் சிலுவை ஒண்ணு, 1740ல பிரஷ்ய ராஜா ரெண்டாம் ஃப்ரெட்ரிக் ஆரம்பிச்சது, ராணுவ ஆபீசர்களுக்கு அதைவிடப் பெரிய கனவு கிடையாது, முதல் உலகப் போர்ல பேர் வாங்கின ரிச்தோஃபன்ங்கற பைலட் கழுத்துல போட்டிருப்பாரே அதேதான். 1842ல ஹம்போல்ட்ங்கற விஞ்ஞானியோட யோசனைப்படி அதுலயே விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் தனிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. அப்ப ஜெர்மன்காரங்க 30 பேருதான் இருக்கலாம்னு வச்சாங்க, ஒருத்தர் இறந்தா மீதி உறுப்பினர்கள் சேர்ந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கும் குடுத்தாங்க, டார்வினுக்கு 1867ல கிடைச்சுது. 1918ல கெய்சர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி, பதவிய விட்டதும் ராணுவப் பிரிவு முடிஞ்சுபோச்சு, ஆனா படிச்சவங்க பிரிவு ராஜா இல்லாமயே ஓடுச்சு. 1923ல ஐன்ஸ்டைன் உள்ள வந்தார், ஹிட்லர் வந்ததும் 1933ல விலகிட்டார், 1929ல ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் முதல் பொம்பளை உறுப்பினர். நடுவுல முடங்கிப்போய் 1952ல திரும்ப உயிர் வந்து இன்னிக்கும் நடக்குது. சண்டைக்காரன் விருது போயிடுச்சு, படிப்பாளி விருது நிக்குது, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: ஒரே ஜெர்மனிக்கு ஏன் இத்தனை வகை மெடல்?
(வாசகர், ஓசூர்)

பதில்: 1871ல ஒண்ணாச் சேர்ந்தப்ப அதுக்குள்ள 25 மாநிலம், அதுல 22க்கு ராஜாவோ பிரபுவோ இருந்தாங்க, ஆளாளுக்கு சொந்த விருது. சாக்சனிக்கு 1736லயே புனித ஹென்ரி விருது. பவேரியாவுல மேக்ஸ் ஜோசப் விருது வாங்கினா சாதாரணக் குடும்பத்து ஆளும் பேருக்கு முன்னாடி ரிட்டர் ஃபான்னு பிரபுப் பட்டம் போட்டுக்கலாம்.

கேள்வி: நம்ம சென்னைல குண்டு போட்ட எம்டன் கேப்டனுக்கு மெடல் குடுத்தாங்களா?
(ஓய்வு பெற்ற ராணுவ வீரர், பர்கூர்)

பதில்: குடுத்தாங்க ஐயா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எண்ணெய் டேங்க்கெல்லாம் எரிஞ்சுது, நவம்பர் 9ல கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் எம்டனை அடிச்சு நொறுக்குச்சு. கெய்சர் அந்தக் கப்பலுக்கே இரும்புச் சிலுவை குடுத்தார், அதனால அடுத்து அதே பேர்ல கட்டின கப்பலோட முகப்புல அந்தச் சிலுவையப் பதிச்சாங்க. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் பிரிட்டிஷ்காரங்க கிட்ட கைதியாப் போனார், அவருக்கு பூர் லெ மெரிட் 1918லதான் வந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன், எம்டன்ல இருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களை வச்சு ஆஸ்திரேலியாக்காரங்களும் தங்களோட வெற்றிக்கு ஒரு மெடல் செஞ்சுக்கிட்டாங்க.

கேள்வி: ஆன்லைன்ல 1914 இரும்புச் சிலுவை ஒண்ணு பாத்தேன். வாங்கலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஒரிஜினல்ல பெரும்பாலும் இரும்பு நடுப்பாகமும் ரெண்டு வெள்ளி ஓரமும் தனித்தனியா செஞ்சு சேர்த்திருப்பாங்க, ஓரத்துல அந்த இணைப்பு தெரியணும், நடுவுல காந்தம் ஒட்டணும். மொத்தமா ஒரே வார்ப்பா இருந்தா பெரும்பாலும் நகல். நடுவுல டபிள்யூ எழுத்து, மேல கிரீடம், கீழ் கைல 1914ன்னு இருக்கும். ஓரத்தை நல்லா கிட்டக்க வச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, விக்கறவர் அதுக்கு ஒத்துக்கலேன்னா விட்டுடுங்க.