பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் மறுபடி பயன்படுத்த முடியுமா?

2013இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10இல் ஊர்கிறது, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப்போட வேண்டாம். என் அப்பாவிடம் இருப்பதும் அதே வயசு, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது; இந்தப் பழைய சிப்புக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அதனால் விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸில், மின்ட் என்ற வகையின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை, பழைய ஃபைல்களை அழிக்காமல் போட்டேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

ஆனால் லினக்ஸ் மட்டும் போதவில்லை. பயர்பாக்ஸைத் திறந்தால் ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான, சுழலாத டிஸ்க்) வாங்கி, அதே இடத்தில் மாட்டி, மின்ட்டை மறுபடி போட்டேன். ஆன் செய்தால் தயாராக நாலு நிமிஷம் எடுத்தது இப்போது அரை நிமிஷத்துக்குள் தயார். கையில் இருக்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். மூடியைக் கழற்றும்போது விசிறிப் பக்கமும் பாருங்கள். எங்களுடையதில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்ததும் சூடு குறைந்தது.

நிறுவுவதற்கு முன், ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். எனக்கு வைஃபை வரவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து), மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது காட்டிய டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய, ஐபஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வைத்துக்கொடுத்தேன். ஊர்க் கோயில் கணக்கு, கடிதம் எல்லாம் அப்பா லிப்ரே ஆபீஸில்தான் எழுதுகிறார். டேலி கணக்கு மென்பொருள் தினமும் வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள், அது விண்டோஸுக்குத்தான் வருகிறது. பிரவுசரில் ஏழெட்டு டேப் திறப்பவர் என்றால் ராமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

கழற்றிய ஹார்டு டிஸ்கை அழிக்காமல் யுஎஸ்பி கேஸில் போட்டு வையுங்கள். அப்பாவின் பத்து வருஷப் போட்டோக்கள் ஒன்றும் போகாமல் அதிலிருந்துதான் வந்தன.